மருத்துவ ஆராய்ச்சியில் உணவூட்டப் பணி

நோயாளிக்கு மருந்து கொடுக்குங்கால் எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, எத்தனை நாள் என்பவற்றை ஏட்டில் பதிவு செய்கின்றோம். உணவைப் பற்றியோ, "நல்ல ஆகாரம் உண்ண வேண்டும்" என்று கூறுவதோடு அமைகின்றோம். அன்றாட அறிவுரைக்கு இது போதும்; ஆராய்ச்சிக்குப் போதாது. உணவினால் நோய் தடுக்கப்படுமா என்று ஆராயப் புகுவோர், உணவையும் மருந்தைப் போலவே நிறுத்துக் கொடுத்து, அது உண்ணப்பட்டதா என்பதை அறிந்து, குறித்து வைத்தல் வேண்டும். இதுவே உணவூட்டப் பணி எனப்படும். இதன் பெரும்பகுதி களப்பணியாளர் கையிலேயே உள்ளது.

ஜார்க்கண்டு ஆய்வு

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, ஜார்க்கண்டு மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் 2019 ஆகஸ்டு முதல் 2022 ஜூலை வரை நடைபெற்ற 'ரேஷன்ஸ்' ஆய்வு ஆகும். நுரையீரல் காசநோயுற்ற 2,800 பேரும், அவர்கள் வீடுகளில் வாழும் 10,345 பேரும் இதில் இடம்பெற்றனர். நோயாளிகளுள் பெரும்பாலோர் உடல் மெலிந்தவர்கள். ஆதலின் நோயாளிகள் அனைவருக்கும் மருந்தோடு உணவுப் பொருள்களும் வழங்கப்பட்டன. வீட்டாரைப் பொறுத்தவரை, 28 காசநோய்ப் பிரிவுகள் குலுக்கல் முறையில் இரு தொகுதிகளாக வகுக்கப்பட்டன. ஒரு தொகுதியில் வீட்டார்க்கும் உணவு அளிக்கப்பட்டது. மற்றதில் அவர்கள் தம் வழக்கமான உணவையே உண்டு வந்தனர்.

முடிவுகள் 2023-ஆம் ஆண்டு வெளியாயின. உணவு பெற்ற வீட்டார் 5,621 பேரில் 96 பேருக்கும், பெறாத 4,724 பேரில் 122 பேருக்கும் காசநோய் கண்டது. பிற வேறுபாடுகளைக் கழித்துக் கணக்கிட்டபோது, உணவு பெற்றோரிடையே புதிதாக நோய் தோன்றுவது 39 சதவீதம் குறைந்திருந்தது.

பொருளைக் கணக்கிடுதல்

நோயாளி ஒருவருக்கு மாதந்தோறும் அரிசி 5 கிலோ, வறுத்த கடலை மாவு 3 கிலோ, பால் மாவு 1½ கிலோ, எண்ணெய் 500 மில்லிலிட்டர் ஆகியவையும், வைட்டமின் மாத்திரைகளும் தரப்பட்டன. இவற்றை 30 நாளுக்குப் பகுத்தால், நாளொன்றுக்கு அரிசி 167 கிராம், கடலை மாவு 100 கிராம், பால் மாவு 50 கிராம், எண்ணெய் ஏறக்குறைய 17 மில்லிலிட்டர் வரும். இதனால் ஏறத்தாழ 1,200 கலோரியும் 52 கிராம் புரதமும் கிடைக்கும்.

ஆனால் இக்கணக்கு, கொடுத்த பொருள் முழுவதையும் நோயாளியே உண்டால்தான் பொருந்தும். நால்வர் உள்ள வீட்டில் அதனைச் சமமாகப் பகிர்ந்தால் நோயாளிக்குக் கிட்டுவது 300 கலோரியே. தாயொருத்தி தன் பங்குப் பால் மாவைக் குழந்தைக்குக் கரைத்துக் கொடுப்பது இயல்பு. பணியாளர் அதனைக் கடிந்து கொண்டால், அடுத்த முறை அவள், "நானே உண்டேன்" என்று கூறிவிடுவாள். அன்று முதல் ஏட்டிலுள்ள எண் பொய்யாகிவிடும். ஆகவே, "யார் யார் உண்டனர்?" என்று இயல்பாகக் கேட்டு, கூறியதை அவ்வாறே எழுதுதல் வேண்டும்.

முந்திய 24 மணி நேரத்தில் உண்டவற்றை விசாரிக்கும்போது, வீட்டாரின் பாத்திரத்தையே காட்டச் சொல்லி, அளவுக் கிண்ணத்தால் அளந்து குறிக்க வேண்டும். எடை சமைப்பதற்கு முன்னதா, பின்னதா என்பதையும் எழுதுதல் இன்றியமையாதது. சத்துக்களைக் கணிக்க, ஐதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணை உதவும். அதில் 528 உணவுப் பொருள்களின் விவரங்கள் அடங்கியுள்ளன.

தராசின் பொறுப்பு

இவ்வாய்வு மற்றொன்றையும் காட்டியது. சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் நோயாளியின் எடை 1 சதவீதம் கூடியிருந்தால் இறப்பு அபாயம் 13 சதவீதமும், 5 சதவீதம் கூடியிருந்தால் 61 சதவீதமும் குறைந்து காணப்பட்டது. நாற்பது கிலோ எடையுள்ள ஒருவருக்கு 1 சதவீதம் என்பது 400 கிராம். ஒரு முறை காலணியோடும் மறு முறை காலணியின்றியும் நிறுத்தாலே இவ்வளவு வேறுபாடு வந்துவிடக்கூடும். அப்போது தேறி வருபவர் மெலிவது போலவும், மெலிந்து வருபவர் தேறுவது போலவும் ஏட்டில் தோன்றுவர். உதவி தேவைப்படுபவர் கவனிக்கப்படாது போவார்.

ஆதலின், நிறுக்கத் தொடங்குமுன் தராசை எடை அறிந்த கல் ஒன்றால் சோதித்தல் வேண்டும். சமமான தரையில் தராசை வைத்து, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், மெல்லிய உடையுடன் நிறுத்தல் நன்று. எண்ணை அப்பொழுதே எழுதுக. மாலையில் நினைவிலிருந்து எழுதற்க.

உணவும் ஒப்புதலும்

பசித்திருப்பவர்க்கு அரிசி மூட்டை பெரும் கவர்ச்சியாகும். அதன் பொருட்டே, ஆய்வு இன்னதென்று உணராமல் ஒருவர் கையொப்பமிடக்கூடும். ஆகவே ஆய்வின் நோக்கம், உணவு எத்தனை மாதம் கிடைக்கும், எப்போது நிற்கும் என்பவற்றை முன்னதாகவே அவர் மொழியில் விளக்குதல் கடமை. ஆய்வில் சேர மறுப்பவர்க்கும் வழக்கமான சிகிச்சை குறைவின்றிக் கிடைக்கும் என்பதையும் தெளிவாகக் கூறுதல் வேண்டும்.

ஆசிரியர்களுக்கு

மாணவர் ஒருவரைக் காலணியின்றியும், காலணியோடும், உணவுக்குப் பின்னும் நிறுத்து, வேறுபாட்டைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுக. பின்னர் இக்கணக்கைக் கொடுக்கலாம்: ஜார்க்கண்டில் வீட்டாருள் ஒருவர்க்கு மாதத்திற்கு அரிசி 5 கிலோவும் பருப்பு 1½ கிலோவும் தரப்பட்டன, நாளொன்றுக்கு ஒவ்வொன்றும் எத்தனை கிராம்? விடை கண்ட மாணவர், அவ்வளவு பொருளைத் தத்தம் வீட்டில் நிறுத்துப் பார்ப்பாராக. ஒரு பிடி அரிசியும் ஒரு பிடி பருப்பும் நோய்த்தடுப்பில் எத்துணைப் பங்கு கொள்கின்றன என்பது அப்போது அவர்க்குத் தானே விளங்கும்.