புள்ளடி முதலில் கட்சிக்கு

2024 செப்டெம்பர் 21ஆம் திகதியிலிருந்து 2025 மே 6ஆம் திகதி வரை ஏழரை மாதம். அதற்குள் கொட்டாஞ்சேனை வாக்காளர் மூன்று முறை வாக்களிப்பு நிலையத்துக்குப் போய்வந்தார். மூன்று முறையும் சீட்டு வேறு, கணக்கு வேறு. ஜனாதிபதித் தேர்தலில் ஆட்களின் பெயருக்கு நேரே 1, 2, 3 என்று எழுதலாம். நவம்பர் 14ஆம் திகதி நடந்த பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரு புள்ளடி. அதற்குப் பிறகு, விரும்பினால், வேட்பாளர் இலக்கங்களின் மேல் மூன்று புள்ளடி வரை. மே மாதத்து மாநகர சபைத் தேர்தலில் ஒரேயொரு புள்ளடி, அதோடு சரி.

மூன்றிலும் சனம் அதிகம் தடுமாறுவது நடுவில் உள்ளதில்தான். ஜனாதிபதித் தேர்தலில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 300,300. எட்டுக் கிழமைக்குள் வந்த பாராளுமன்றத் தேர்தலில் 667,240. அளிக்கப்பட்டவற்றில் அது 5.65 வீதம்; கிட்டத்தட்ட 18 சீட்டுக்கு ஒன்று. 2020ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலில் இன்னும் மோசம்: 744,373. வேண்டுமென்றே சீட்டைப் பாழாக்கியவர்களும் இதற்குள் இருப்பார்கள். அது அவர்கள் இஷ்டம். மற்றவர்கள் வெயிலில் வரிசையில் நின்று, விரலில் மையையும் பூசிக்கொண்டு, எந்தக் கணக்கிலும் சேராமல் வீடு திரும்பியவர்கள். இந்த வழிகாட்டி அவர்களுக்கானது.

ஆற்றுக்கு எந்தக் கரை?

முதல் வேலை தேர்தலன்று தொடங்குவதில்லை. பெயர் எந்த மாவட்டத்து இடாப்பில் இருக்கிறது என்று அறிவதில் தொடங்குகிறது. களனி கங்கை கடலில் விழும் இடத்தில் தென்கரை மட்டக்குளி, கொழும்பு மாவட்டம். வடகரை ஹெந்தளை, வத்தளை, கம்பஹா மாவட்டம். கொட்டாஞ்சேனையில் இடம் போதாமல் பாலத்துக்கு அப்பால் வீடு வாங்கிப் போன குடும்பங்கள் ஏராளம். கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் அவர்கள் இன்னும் இந்தக் கரைக்குத்தான் வருகிறார்கள். வாக்கு மட்டும் அந்தக் கரையில்.

இந்தப் பிரிவு சும்மா எல்லைக்கோடு அல்ல. பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களில் 196 ஆசனங்கள் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து வருகின்றன. ஒரு மாவட்டத்துக்கு எத்தனை ஆசனம் என்பதைப் பெரும்பாலும் இடாப்பிலுள்ள வாக்காளர் தொகையே தீர்மானிக்கிறது. 2020இல் கொழும்புக்கு 19, கம்பஹாவுக்கு 18. 2024இல் அது தலைகீழாகி, கொழும்புக்கு 18, கம்பஹாவுக்கு 19. ஆட்கள் பாலம் தாண்டினால் ஆசனமும் தாண்டும்.

பெயரைப் பார்க்க இரண்டு வழி உண்டு. கிராம உத்தியோகத்தரிடம் நேரில் கேட்கலாம். தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்தும் பார்க்கலாம். இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதைத் தட்டிக்கழிப்பது வழக்கம். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் பத்து வருடம் குடியிருந்தும் பெயர் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கிடக்கிறவர்கள் பலர். அதில் தவறில்லை, ஊருக்கே வாக்குப் போட விரும்புவோருக்கு விடுமுறைக்கான ஏற்பாடும் இருக்கிறது. தனியார் நிறுவன ஊழியர் எழுத்தில் கேட்டால், 40 கிலோமீற்றருக்குள் என்றால் அரை நாள், 100 கிலோமீற்றர் வரை ஒரு நாள், 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள். வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க மட்டும் இன்றுவரை வழியில்லை.

அட்டை வராவிட்டாலும் போகலாம்

வாக்காளர் அட்டை தபாலில் வரும். வராவிட்டால் அடையாள அட்டையுடன் தங்கள் பகுதித் தபாற்கந்தோரில் விசாரிக்கலாம். அதுவும் கைகூடாவிட்டால் பரவாயில்லை. இடாப்பில் பெயரும் கையில் ஆளடையாளமும் இருந்தால் போதும். வாக்காளர் அட்டை இருந்து ஆளடையாளம் இல்லாவிட்டால்தான் திருப்பி அனுப்புவார்கள். தேசிய அடையாள அட்டை, செல்லுபடியாகும் கடவுச்சீட்டு அல்லது சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதியர் அட்டை, முதியோர் அட்டை ஆகியவற்றில் ஒன்றைக் கொண்டுபோகலாம். நேரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2024இல் காலை 7 மணி முதல் பின்னேரம் 4 மணி வரைதான். 2020இல் 5 மணி வரை இருந்தது. பழைய ஞாபகத்தில் நாலரைக்குப் போனவர்களுக்குப் பூட்டிய கதவுதான் கிடைத்திருக்கும்.

சீட்டு கைக்கு வந்தபின்

இனித்தான் விஷயம். சீட்டில் மேலிருந்து கீழாகக் கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் மும்மொழியில், சின்னங்களுடன் இருக்கும். பெயர்கள் ஒன்றைப்போல் ஒன்று ஒலிக்கும். ஐக்கிய, தேசிய, ஜனநாயக, மக்கள் என்ற நாலு சொல்லையும் மாற்றி மாற்றி அடுக்கினால் பாதிக் கட்சிகள் வந்துவிடும். ஆகவே பெயரை நம்பாமல் சின்னத்தைத் தேடுவது நல்லது. திசைகாட்டியா, தொலைபேசியா, மொட்டா, யானையா என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போனால் மறைப்புக்குள் நின்று யோசிக்க வேண்டியதில்லை.

முதற் புள்ளடி அந்தச் சின்னத்துக்கு எதிரே உள்ள வெற்றுக் கட்டத்தில். ஒன்றே ஒன்று. இரண்டு கட்சிக்குப் போட்டால் இரண்டும் போய்விடும்.

அடுத்தது விருப்பு வாக்கு. சிங்கள அயலவர்கள் மனாப என்பது இதைத்தான். சீட்டின் அடிப்பகுதியில் இலக்கங்கள் மட்டும் கட்டங்களில் இருக்கும். கொழும்பில் 18 ஆசனம் என்றால் ஒவ்வொரு பட்டியலிலும் அதைவிட மூவர் கூடுதலாக 21 வேட்பாளர். ஆகவே 1 முதல் 21 வரை. வேட்பாளரின் பெயரும் படமும் சீட்டில் கிடையாது. விரும்பியவரின் இலக்கத்தின் மேல் புள்ளடி போட வேண்டும். ஒருவருக்கும் போடலாம், இருவருக்கும் போடலாம், மூவருக்கும் போடலாம். ஒருவருக்கும் போடாமலும் விடலாம். கட்சி வாக்கு அதனால் கெடாது. மூன்றுக்கு மேல் போட்டால் கட்சி வாக்கு தப்பும், விருப்பு வாக்குகள் மட்டும் போய்விடும்.

நேர்மாறாகச் செய்தால்தான் முழுச் சேதம். கட்சிக் கட்டத்தை வெறுமையாக விட்டு, கீழே பிடித்த இலக்கத்தை மட்டும் குறித்தால் அந்தச் சீட்டு செல்லாது. "எனக்குக் கட்சி முக்கியமில்லை, ஆள்தான்" என்பவர்கள் விழுகிற குழி இது. இந்த முறையில் ஆளிடம் போகிற வழி கட்சியினூடாகவே போகிறது.

இன்னொரு குழி இதைவிட நுட்பமானது. 7ஆம் இலக்கம் எல்லாக் கட்சியிலும் உண்டு. கீழே 7இன் மேல் போட்ட புள்ளடி, மேலே எந்தக் கட்சிக்குப் புள்ளடி விழுந்ததோ அந்தக் கட்சியின் 7ஆம் ஆளுக்கே போய்ச் சேரும். கட்சி ஒன்று, விருப்பத்துக்குரிய ஆள் மற்றக் கட்சியில் என்று கலக்க முடியாது. கலந்தால் முகமே தெரியாத ஒருவருக்கு வாக்குச் சேரும். இலக்கம் மாவட்டத்துக்கு மாவட்டமும் மாறும். வத்தளைச் சித்தி தொலைபேசியில் சொல்லும் இலக்கம் கொட்டாஞ்சேனைச் சீட்டுக்கு உதவாது. 2024இல் தேசிய மக்கள் சக்தியின் ஹரினி அமரசூரிய கொழும்பில் 655,289 விருப்பு வாக்கு எடுத்தார். அதே கட்சியின் விஜித ஹேரத் ஆற்றின் அக்கரையில் 716,715 எடுத்தார். சின்னம் ஒன்றுதான். ஆனால் அவருக்குப் போட அக்கரையில் பெயர் இருக்க வேண்டும்.

பெயர், கையெழுத்து, கோபம், வாழ்த்து எதையும் சீட்டில் எழுதக்கூடாது. உள்ளே படம் எடுக்கவும் கூடாது.

மூன்று புள்ளடியும் போட வேண்டுமா?

இதற்குச் சட்டத்தில் விடையில்லை, கணக்கில் உண்டு. கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பது தீர்ந்தபின், விருப்பு வாக்கின் இறங்குவரிசையில் ஆட்கள் உள்ளே போகிறார்கள். ஒருவரைக் கட்டாயம் அனுப்ப வேண்டும் என்று நினைக்கிறவர் மற்ற இரண்டையும் அதே பட்டியலில் அவரோடு போட்டியிடுவோருக்கே கொடுக்கிறார். கொழும்பில் தமிழர் சிறுபான்மை. ஒரு தமிழ் வேட்பாளருக்கு மட்டும் போட்டு நிறுத்துவதா, மற்ற இரண்டையும் நல்ல சிங்கள, முஸ்லிம் வேட்பாளருக்குக் கொடுத்துப் பதிலுக்கு எதிர்பார்ப்பதா என்ற வாதம் தேர்தல்தோறும் நடப்பதுதான். இரண்டும் நியாயமானவை. எல்லாரிடமும் நல்ல பெயர் எடுக்க யாரென்றே தெரியாதவருக்கு மூன்றாவதைப் போடுவதுதான் வீண்.

கொழும்புப் பழையவர்களுக்கு மூன்று வாக்கு புதிதல்ல. 1978ஆம் ஆண்டு யாப்புக்கு முன்பு மத்திய கொழும்பு மூன்று அங்கத்தவர் தொகுதி. ஒருவருக்கு மூன்று வாக்கு. மூன்றையும் ஒரே ஆளுக்குக் கொட்டலாம். 1947இல் அங்கிருந்து ரீ.பீ. ஜாயா, ஏ.ஈ. குணசிங்க, கம்யூனிஸ்ட் தலைவர் பீற்றர் கெனமன் மூவரும் போனார்கள். சிறுபான்மைக்கு அந்த முறை தந்த பிடி இப்போதைய மூன்று புள்ளடியில் இல்லை. ஒருவருக்கு ஒன்றுதான் போடலாம்.

கணக்கு எப்படி விழுகிறது

கொழும்பில் செல்லுபடியான வாக்கு 10 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்சிக்கு 600,000, அடுத்ததற்கு 250,000, மூன்றாவதுக்கு 90,000. மிச்சம் 60,000 சிறு குழுக்களிடம் சிதறிக் கிடக்கிறது. 5 வீதம், அதாவது 50,000 தொடாதவர்கள் கணக்கிலிருந்தே நீக்கப்படுவார்கள். முதலாவதாக வந்த கட்சிக்குப் போனஸ் ஆசனம் ஒன்று. எஞ்சிய 17 ஆசனத்தால் 940,000ஐப் பிரித்தால் ஏறக்குறைய 55,295. அதன்படி முதற் கட்சிக்கு 10, இரண்டாவதுக்கு 4, மூன்றாவதுக்கு 1. இன்னும் இரண்டு ஆசனம் மிச்சம். கூடிய மீதி வாக்கு உள்ள முதற் கட்சிக்கும் மூன்றாவதுக்கும் அவை போகும். போனஸையும் சேர்த்தால் 12, 4, 2. மூன்றாவது கட்சி 90,000க்கு இரண்டு ஆசனம் எடுத்துக்கொண்டது. சிதறிய 60,000க்கு ஒன்றுமில்லை. இந்த வெட்டுப்புள்ளி முன்பு 12.5 வீதம்; 1988இல் செய்த 15ஆவது திருத்தம்தான் அதை 5 ஆக்கியது.

2024இல் கொழும்பில் 14 ஆசனம் தேசிய மக்கள் சக்திக்கும் 4 ஐக்கிய மக்கள் சக்திக்கும் போயின. வேறு யாருக்கும் கிடைக்கவில்லை.

தனிப் புள்ளடி கேட்காத 29 ஆசனம்

தேசியப் பட்டியலுக்கு என்று சீட்டில் இடமில்லை. மாவட்டங்களில் கட்சிக்குப் போட்ட புள்ளடிகளை நாடு முழுதும் கூட்டி, அந்த விகிதப்படி 29 ஆசனங்களைப் பிரிப்பார்கள். மாவட்டத்தில் தோற்றவரையும் கட்சி இதனூடாக அனுப்பலாம். கொழும்பில் வெற்றிபெறாத மனோ கணேசன் 2024 டிசம்பரில் பாராளுமன்றம் போனது ஐக்கிய மக்கள் சக்தியின் தேசியப் பட்டியல் வழியாகத்தான். பிடித்த ஆள் மாவட்டத்தில் வெல்லாவிட்டாலும் கட்சிப் புள்ளடி வீணாகாது என்பதற்கு இது ஓர் உதாரணம். யாரை அனுப்புவது என்பது வாக்காளர் கையில் இல்லை என்பதற்கும் இதுவே உதாரணம்.

நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படாதவர் சட்டமன்றத்தில் இருப்பது இலங்கைக்குப் புதிதல்ல. 1947 முதல் 1971 ஒக்டோபர் 2 வரை கோட்டையில் செனட் சபை இயங்கியது. அதன் 30 பேரில் 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவு செய்தது. மற்ற 15 பேரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமித்தார். பொதுமக்கள் ஒரு செனட்டருக்கும் வாக்களித்ததில்லை. 1960இல் உலகின் முதற் பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்க அங்கம் வகித்ததும் அந்தச் சபையில்தான்.

செனட்டுக்கு நேரே வாக்குப் போடும் அனுபவம் கொழும்புத் தமிழருக்கு வேண்டுமானால் மெல்பேணில் இருக்கும் உறவினரைக் கேட்கலாம். அவுஸ்திரேலியச் செனட் சீட்டு நம்முடையதைவிடச் சிக்கல். ஒரு கோட்டுக்கு மேலே கட்சிகள், கீழே ஆட்கள். மேலே என்றால் குறைந்தது 6 கட்சிக்கு, கீழே என்றால் குறைந்தது 12 பேருக்கு வரிசை இலக்கம் எழுத வேண்டும் என்பது 2016இல் வந்த விதி. வாக்களிப்பதும் கட்டாயம். இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகளான வைத்தியர் மிஷேல் ஆனந்தராஜா 2025இல் விக்டோரியா மாநிலத்திலிருந்து அந்தச் செனட்டுக்குத் தெரிவானார். அங்கே கட்சியும் ஆளும் கோட்டுக்கு இரு பக்கம், ஒன்றைத் தெரிவுசெய்தால் போதும். இங்கே இரண்டும் ஒரே சீட்டில், மேலிருந்து கீழ் என்ற ஒழுங்கில்.

இப்போதைய பாராளுமன்றம் 2024 நவம்பர் 21இல் கூடியது. அதன் ஆயுள் ஐந்து வருடம். அடுத்த சீட்டு கைக்கு வர நாள் இருக்கிறது, ஆனால் இடாப்புத் திருத்தம் ஒவ்வொரு வருடமும் வருகிறது. இந்த வருடம் வீடு மாறியிருந்தால், முக்கியமாகப் பாலம் தாண்டியிருந்தால், புது இடத்துக் கிராம உத்தியோகத்தரிடம் ஒரு நடை போய் வாருங்கள்.