லைன் மெதுவானால் என்ன எழுதுவது?

சர்வர் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு:

1894இல் தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்த ஊர், மலேசியாவில் உள்ள நம் ரவாங். இன்று இங்குள்ள கடைக் கணக்கும் கிளினிக் பதிவும் சைபர்ஜெயாவிலோ சிங்கப்பூரிலோ ஒரு சர்வரில் கிடக்கின்றன. லைன் மெதுவானால் கல்லாவுக்கு முன்னால் வரிசை நீளும். அந்தப் பதற்றத்தில் ‘லைன் ஸ்லோ, சீக்கிரம் பாருங்கள்’ என்று மட்டும் எழுதினால், உதவிக்கு இருப்பவர் எங்கே தேடுவார்?

1. முதலில் உங்கள் பக்கத்தைச் சோதியுங்கள். வைஃபையை விட்டு கேபிளில் போட்டுப் பாருங்கள். பிறகு செல்பேசி டேட்டாவில் அதே சர்வரைத் திறந்து பாருங்கள். அதில் வேகமாக வந்தால், கோளாறு பெரும்பாலும் அலுவலக ரௌட்டரிலோ லைனிலோதான்.

2. பாதை மெதுவா, சர்வர் மெதுவா என்று பிரித்தறியுங்கள். பிங் சட்டென்று திரும்பி, பக்கம் மட்டும் தாமதமாகத் திறந்தால் டேட்டாபேஸையும் டிஸ்க்கையும் பாருங்கள். பிங்கே இழுத்தால் பாதையைச் சந்தேகியுங்கள்.

3. அளவைக் குழப்பாதீர்கள். விநாடிக்கு 100 மெகாபிட் லைனில், ஃபைல் விநாடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் இறங்காது. அது கோளாறு அல்ல.

4. தூரத்தை மதியுங்கள். ஃபைபரில் ஒளி ஒரு மில்லிவிநாடியில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போகும். அமெரிக்க மேற்குக் கரை சுமார் 14,000 கிலோமீட்டர். போய்வர 140 மில்லிவிநாடிக்குக் குறையாது. கடலடி கேபிள் அறுந்தால் யாராலும் உடனே சரிசெய்ய முடியாது. 2006 டிசம்பர் 26 தைவான் நிலநடுக்கத்தில் அப்படித்தான் கேபிள்கள் அறுந்து, ஆசியாவின் பல நாடுகளில் இணையம் தவித்தது.

5. டிரேஸ்ரூட்டை நிதானமாகப் படியுங்கள். நடுவில் ஒரு ரௌட்டர் இழப்பு காட்டி, கடைசி வரியில் இழப்பே இல்லை என்றால் கவலை வேண்டாம். பல ரௌட்டர்கள் டிரேஸ்ரூட் அனுப்பும் கேள்விகளுக்கு மற்ற வேலைகளுக்குப் பிறகுதான் பதில் தரும். போகும் பாதையும் வரும் பாதையும் வேறாக இருக்கலாம். அதனால் சர்வரிலிருந்து உங்கள் பக்கத்துக்கும் ஒரு டிரேஸ்ரூட் எடுங்கள்.

6. புகாரை இப்படி எழுதுங்கள்: ‘நேற்று இரவு 9.10 முதல் 9.40 வரை, மலேசிய நேரம். ரவாங் அலுவலகத்திலிருந்து சர்வருக்கு 200 பிங்கில் 18 தொலைந்தன. வழக்கமாக 9 மில்லிவிநாடி, அப்போது 140. செல்பேசி லைனில் இழப்பு இல்லை. கேபிளையும் ரௌட்டரையும் மாற்றிப் பார்த்தோம்.’ இரு முனைகளின் ஐபி முகவரியையும் சேர்த்து எழுதுங்கள். முடிவுகளைப் படமாக அனுப்பாமல் எழுத்தாகவே ஒட்டுங்கள். கடவுச்சொல்லை எக்காரணம் கொண்டும் எழுதாதீர்கள்.

7. ஒரு கோளாறுக்கு ஒரு புகார் போதும். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். இணையச் சேவை நிறுவனம் தீர்க்காவிட்டால், அந்த எண்ணோடு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் போகலாம். தீர்ந்துவிட்டால் ‘சரியாகிவிட்டது, நன்றி’ என்று எழுதுங்கள். மறுமுனையில் இருப்பவரும் இரவு கண்விழித்து வேலை செய்கிறவர்தான்.

இதற்கெல்லாம் அடிப்படை, லைன் நன்றாக ஓடும்போதே எடுத்து வைத்த அளவு. வழக்கமான எண் தெரியாதவரால் லைன் மெதுவானதை நிரூபிக்க முடியாது. இன்றைக்கு உங்கள் லைன் நன்றாக இருந்தால், வீட்டுக்குக் கிளம்புமுன் ஒரு பிங்கும் ஒரு டிரேஸ்ரூட்டும் எடுத்துத் தேதி போட்டுச் சேமியுங்கள்.