எல்லாம் பறிபோன பிறகும் எஞ்சுவது

அன்புள்ள தம்பிக்கு,

"அப்பா லாரி ஓட்டுகிறார், வீடு அடமானத்தில் இருக்கிறது, சாதியால் எங்களுக்கு என்ன ஆதாயம் கிடைத்துவிட்டது?" என்று கேட்டிருக்கிறாய். இந்தக் கேள்வியைப் பலரிடமிருந்து கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. நீ வீம்புக்குக் கேட்கவில்லை என்று தெரிவதால்தான் எழுதுகிறேன். ஆதாயம் என்றதும் நீ பணத்தைத் தேடுகிறாய். எல்லாமே பறிபோன ஓர் இடத்தில் தேடிப் பார். சிறையில்.

2024 அக்டோபர் 3 அன்று, பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பை முழுதாகப் படி. செய்தித்தாள் சுருக்கம் போதாது. 1951ஆம் ஆண்டின் ராஜஸ்தான் சிறை விதிகள், பிராமணரோ போதிய அளவு உயர்ந்த சாதி இந்துவோ சமையலுக்குத் தகுதியானவர் என்றன. மேற்கு வங்க விதிகளில் சமைப்பவர் 'தகுந்த சாதி'யாக இருக்க வேண்டும். உத்தரப்பிரதேசத்திலோ, வெறுங்காவல் கைதிக்கு இழிவான வேலை தரக் கூடாது. அந்த வேலை செய்து பழகிய சமூகத்தவர் என்றால் தரலாம்! அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து 70 ஆண்டுகளுக்கு மேலாகியும் இவை அச்சில் இருந்தன. நம் பாளையங்கோட்டைச் சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து அடைத்ததும் அந்தத் தீர்ப்பில் வருகிறது. இத்தகைய விதிகளை நீதிமன்றம் செல்லாதவை என்றது. கைதிகளின் பதிவேட்டில் சாதிக்கான பத்தியையும் நீக்கச் சொன்னது.

இப்போது இரண்டு கைதிகளை நினைத்துக்கொள். ஒரே குற்றம், ஒரே தண்டனை, ஒரே உடை. சாதி மட்டும் வேறு. இருவர் வீட்டிலும் அடுப்பெரியவில்லை. அந்தப் பழைய விதிப்படி ஒருவன் சமையற்கட்டுக்குப் போவான், மற்றவன் கக்கூஸ் கழுவப் போவான். முதலாமவன் இதற்காக ஒரு துரும்பையும் கிள்ளிப் போடவில்லை. தனக்கு ஏதோ கிடைத்தது என்றுகூட அவனுக்குத் தோன்றாது. கழுவும் வேலை தன் பக்கம் வரவில்லை, அவ்வளவுதான். அவனிடம் கேட்டால் உன்னைப் போலவே, "எனக்கென்ன ஆதாயம்?" என்பான்.

இதன் மறுபக்கத்தை அம்பேத்கரின் சிறு நினைவுக்குறிப்பு ஒன்றில் படித்தேன். இன்றும் அடிக்கடி எடுத்துப் படிக்கிறேன். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா அரசு வேலைக்கு வருகிறார். படிப்பு, பதவி, வாடகைக்குப் பணம் எல்லாம் இருந்தன. தங்க இடம் இல்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். 11ஆம் நாள் தடிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். நண்பர்கள் இருவரிடம் கேட்டுப் பார்த்தார். இருவருமே சாக்குச் சொன்னார்கள். பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். வறுமை தீர்ந்தால் சாதி தீரும் என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு இந்தச் சில பக்கங்களைப் படிக்க என்ன கேடு?

"எங்கள் வீட்டில் சாதி பேசுவதே இல்லை" என்றும் எழுதியிருக்கிறாய். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை, தம்பி. பேச வேண்டிய தேவை உங்களுக்கு வரவில்லை. வாடகை வீடு பார்க்கப் போன இடத்தில் "எந்த ஊர், எந்தத் தெரு?" என்று கேட்டபோது உன் அப்பா தயங்காமல் சொல்லியிருப்பார். அதே கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வருகிற மாணவர்கள் உன் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் சாதியைப் பேசாமல் இருக்க முடியாது. பிள்ளையை வெளியூருக்கு அனுப்பும்போது எச்சரித்துத்தான் அனுப்புவார்கள்.

உன் அப்பாவின் கடன் பொய்யில்லை. அந்தக் கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அவரிடம் சிலவற்றைக் கேள். அடமானம் வைக்க அந்த வீட்டு மனை யார் வழியாக வந்தது? ஊரில் எந்தப் பக்கம் இருக்கிறது? பணம் கொடுத்தவர் யார், ஜாமீன் நின்றவர் அப்பாவுக்கு என்ன உறவு? முதன்முதலில் லாரியில் கிளீனராகச் சேர்த்துவிட்டது எந்த மாமா? அதே ஆண்டு காலனித் தெருவிலிருந்து அந்த வேலைக்கு யாராவது போனார்களா? அவர் சொல்வதை அப்படியே எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்