தொப்பென்று விழுகிறதே விமானம்!

கேள்வி: வீட்டுக் கணினி சிமுலேட்டரில் ஏர்பஸ் ஏ320 ஓட்டிப் பழகுகிறேன். தரையிறங்கும்போது தொப்பென்று விழுகிறது. இல்லையென்றால் ஓடுபாதைக்கு மேலேயே மிதந்துகொண்டு போகிறது. என்ன செய்வது?

பதில்: கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. 1,000 அடிக்கு வருவதற்குள் சக்கரம், ஃபிளாப் எல்லாம் இறங்கி, வேகம் நிலைத்திருக்க வேண்டும். 3 டிகிரி சரிவில் தரைவேகத்தை ஐந்தால் பெருக்குங்கள்: 140 நாட் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 700 அடி இறங்கலாம். 1,000 அடிக்கு வந்தும் இவை சரியாக இல்லையென்றால் மேலேறி மறுபடி சுற்றி வாருங்கள். எரிபொருள் செலவா, பயணிகள் முணுமுணுப்பா, என்ன கவலை?

சுமார் 30 அடியில் மூக்கை மெல்ல ஓரிரு டிகிரி உயர்த்துங்கள். வெடுக்கென்று இழுத்தால் மிதக்கும். அதற்காகக் கையை விட்டுவிடாதீர்கள். அந்த உயரத்தில் ஏ320-இன் கணினி தானாகவே மூக்கைத் தாழ்த்தப் பார்க்கும். 20 அடியில் 'ரிடார்ட்' என்று குரல் கேட்கும். சக்கரம் தரையைத் தொடுவதற்குள் த்ரஸ்ட் லீவர்கள் ஐடிலுக்கு வந்துவிட வேண்டும். வேகம் கூடுதலாக இருந்தாலும் மிதக்கும்.

கண்ணை எங்கே வைப்பது என்பதுதான் பலர் கோட்டைவிடும் இடம். 50 அடிக்குக் கீழே மூக்கின் முன்னால் இருக்கும் தரையைப் பார்க்காதீர்கள். ஓடுபாதையின் மறுகோடியைப் பாருங்கள். ஒற்றைத் திரையில் பக்கவாட்டுக் காட்சி இல்லாததால் உயரத்தைக் கணிப்பது நிஜ விமானத்தைவிடக் கடினம். ஜாய்ஸ்டிக் துடுக்காக இருந்தால் சென்சிட்டிவிட்டியைக் குறையுங்கள்.

இன்னொன்று: பஞ்சுபோல இறங்குவதுதான் திறமை என்று நினைக்காதீர்கள். மழை ஈரத்தில் விமானிகள் வேண்டுமென்றே சற்று அழுத்தமாக இறக்குவார்கள், சக்கரம் நீர்ப்படலத்தின் மேல் வழுக்காமல் இருக்க.