விடியப்புற நெஞ்சுநோவும் நடுச்சாம அழைப்பும்

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் விடியப்புறம் நாலரை மணிக்கே இறைப்பு மெசின் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். வெயில் ஏறமுன் வெங்காயத்துக்கும் பீற்றூட்டுக்கும் தண்ணி விட்டு முடிக்கவேணும். என் ஐயாவும் அந்த நேரத்து மனிதர். பாயால் எழும்பின கையோடு மெசினைத் தூக்கிச் சைக்கிள் கரியரில் கட்டுவார். ஒருநாள் தோட்டத்தால் பாதியில் திரும்பி வந்தார். சேர்ட் முழுக்க வேர்வை, உள்ளங்கை நெஞ்சில். "வாயுக்குத்து" என்றார். அம்மா இஞ்சி அவித்துக் கொடுத்தா. சோடாவும் வாங்கிக் கொடுத்தோம். ஓட்டோ பிடித்தபோது எட்டு மணி தாண்டிவிட்டது. ஐயா பிழைத்தார், ஆனால் இதயத்தசையில் ஒரு பகுதி செத்துப்போனது. அதற்குப் பிறகு அவர் மண்வெட்டி பிடிக்கவில்லை.

அவருக்கு அது விடியப்புறத்தில் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. மூளையின் அடிப்பகுதியில் ஏறத்தாழ 20,000 நரம்புக் கலங்கள் சேர்ந்து உடம்பின் மணிக்கூடாக இயங்குகின்றன. இரத்தக் குழாய்ச் சுவரிலும் இதயத்திலும் உள்ள கலங்களும் அதனோடு சேர்ந்து நேரம் பார்க்கின்றன. இந்த மணிக்கூட்டின் உள்வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 2017 இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆரோக்கியமான உடம்பில் இரவு நித்திரையின்போது பிரஷர் 10 முதல் 20 வீதம் இறங்கும். விடியும் நேரத்தில் கோர்ட்டிசோலும் அட்ரினலினும் ஏற, பிரஷரும் ஏறும். அதே நேரத்தில்தான் இரத்தம் கட்டியாகும் தன்மை கூடும், கட்டியைக் கரைக்கும் ஆற்றல் குறையும். 1985 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரவு 11 மணியோடு பார்க்கையில் காலை 9 மணியளவில் மாரடைப்புத் தொடங்குவது மும்மடங்காக இருந்தது.

செய்ய வேண்டியவை

எழும்பின உடனே பாரம் தூக்காமல், கட்டில் ஓரத்தில் இரண்டு மூன்று நிமிடம் இருங்கள். தண்ணி குடியுங்கள். முற்றத்தில் கொஞ்சம் நடந்தபிறகு தோட்டத்துக்குப் போங்கள். மெசினைத் தூக்க இளம் ஆட்கள் வீட்டில் இருந்தால் அவர்களை எழுப்புங்கள். பிரஷர் இருப்பவர்களுக்கு இது கட்டாயம்.

நாலரைக்கு எழும்புகிறவர் ஒன்பது, ஒன்பதரைக்குப் படுத்துவிட வேண்டும். விடிய எழும்புவதைப் பெருமையாகச் சொல்கிறோம், நேரத்துக்குப் படுப்பதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. அமெரிக்க இதயச் சங்கம் 2022 இல் இதயத்தைக் காக்கும் எட்டு விடயங்களில் நித்திரையையும் சேர்த்துக்கொண்டது. பெரியவர்களுக்கு அது சொல்லும் அளவு 7 முதல் 9 மணித்தியாலம். ஞாயிற்றுக்கிழமையிலும் அதே நேரத்துக்குப் படுத்து அதே நேரத்துக்கு எழும்புங்கள்.

காலை வெளிச்சம் முகத்தில் படட்டும். உடம்பின் மணிக்கூட்டைத் திருத்துவது சூரியன்தான். 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இலங்கையின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளினார்கள், ஒக்ரோபரில் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தார்கள், 2006 ஏப்பிரலில் பழைய நேரத்துக்கே வந்தோம். "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேட்டுக் கேட்டே அலுவல் பார்த்த அந்த ஆண்டுகளிலும் உடம்பு பார்த்தது வெயிலைத்தான்.

பிரஷர் குளிசையை ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் போடுங்கள். காலையா இரவா என்று பலர் குழம்புகிறார்கள். பிரித்தானியாவில் 21,000 பேருக்கு மேல் பங்குகொண்டு 2022 இல் வெளியான ஆய்வில், எந்த நேரம் போட்டாலும் மாரடைப்பு, பக்கவாதம் வருவதில் வித்தியாசம் தெரியவில்லை. மறக்காத நேரமே நல்ல நேரம். சிம்வாஸ்டாட்டின் போன்ற சில கொழுப்புக் குளிசைகள் மட்டும் இரவுக்குரியவை, அதை மாற்றவேண்டாம்.

செய்யக்கூடாதவை

விடியப்புற நெஞ்சுநோவை வாயு என்று விடாதீர்கள். இடது கை, தாடை, முதுகு என்று நோ பரவினாலும், காரணமில்லாமல் வேர்த்துக் கொட்டினாலும், மூச்சு வாங்கினாலும் உடனே 1990 ஐ அழையுங்கள். 2018 முதல் வடக்கிலும் இந்த அம்புலன்ஸ் இலவசமாக ஓடுகிறது. நீரிழிவுக்காரருக்கும் பெண்களுக்கும் சிலவேளை நோவே இராது, களைப்பும் வேர்வையும்தான் இருக்கும். போதனா வைத்தியசாலை சில கிலோமீற்றர்தானே என்று நோயாளியே மோட்டார் சைக்கிளை உதைக்கக்கூடாது.

கிளினிக் நாளில் வெறும் வயிறு என்பதற்காகப் பிரஷர் குளிசையையும் நீங்களாகவே விட்டுவிட்டுப் போகாதீர்கள். குளிசையைத் தண்ணியோடு போடலாமா என்று முதல் கிளினிக்கிலேயே கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரவு ஒன்பது தாண்டிப் புட்டும் கறியுமாக வயிறு நிரம்பச் சாப்பிடாதீர்கள். பிரான்சில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2023 இல் வெளிவந்தது. எட்டுக்கு முன் சாப்பிட்டு முடிப்பவர்களைவிட ஒன்பதுக்குப் பின் சாப்பிடுபவர்களுக்கு மூளை இரத்தக்குழாய் நோய் கூடுதலாகக் காணப்பட்டது.

கடைசியாக ஒன்று, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு. லண்டனில் இரவு எட்டு மணி என்றால் கோப்பாயில் கோடையில் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. அந்நேரம் எடுத்துப் பெற்றோரை எழுப்பாதீர்கள். பிள்ளையின் குரல் கேட்ட சந்தோசத்தில் பிறகு விடியுமட்டும் அவர்களுக்கு நித்திரை வராது. லண்டனில் பகல் ஒரு மணிக்கும் கனடாவின் ரொறன்ரோவில் காலை எட்டுக்கும் இங்கே பின்னேரம் ஐந்தரை அல்லது ஆறரை. என் தங்கை இப்போது மதியச் சாப்பாட்டு இடைவேளையில் எடுக்கிறாள். அம்மா கிணத்தடியில் கால் கழுவி, விளக்கு வைக்க ஆயத்தமாகும் நேரம் அது.