பழைய கல்லா மேசையின் விலை என்ன?

சரக்கின் தரம் பார்ப்பதில் நம்மை எளிதில் ஏமாற்றிவிட முடியாது. மிளகை ஒன்று கடித்தால் போதும், மூட்டையின் கதை தெரிந்துவிடும். ஆனால் நாள் முழுதும் நாம் கையூன்றி உட்கார்ந்திருக்கும் கல்லா மேசை என்ன மரம், எப்படிச் செய்தது, எவ்வளவு பெறும் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். நாங்களும் அப்படி விழித்தவர்கள்தான்.

2004-இல் பெண்ணாடம் கடையைப் புதுப்பித்தோம். கிரானைட் பலகை போட்ட கவுண்டர், கண்ணாடி, கம்ப்யூட்டர் எல்லாம் வந்தன. எங்கள் தாத்தா 1931-இல் கடை தொடங்கியபோது செய்து வைத்த கல்லா மேசைக்கு இடமில்லாமல் போயிற்று. பழைய மரச்சாமான் வாங்க வந்தவரிடம் 1,800 ரூபாய்க்குக் கொடுத்தோம். அப்பா அப்போது இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, லாரி தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்றார்.

மூன்று ஆண்டு கழித்துப் புதுச்சேரியில் ஒரு கடையில் அதே மேசையைப் பார்த்தோம். விலைச்சீட்டு 38,000 ரூபாய். எங்களுடையதுதான் என்று எப்படித் தெரியும் என்பீர்கள். தாத்தா காலத்தில் யாரோ தள்ளிவிட்டுப் போன செல்லாத அரை ரூபாய் ஒன்றை அவர் மேல்பலகையின் ஓரத்தில் ஆணியடித்து வைத்திருந்தார். விற்பனையாள் அந்தக் காசைத்தான் முதலில் எங்களுக்குக் காட்டினார். அதற்காகவே இந்த விலை என்றும் சொன்னார்!

இப்படி விலை கொடுத்து வாங்குவது பைத்தியக்காரத்தனம் என்று அன்று நினைத்தோம். விசாரித்துப் படித்த பிறகு அதற்கு ஒரு வரலாறு இருப்பது தெரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தொழிற்சாலைகள் மேசை நாற்காலிகளைக் குவித்தன. மட்டமான மரத்தின் மேல் நல்ல மரத்தின் மெல்லிய தகடு, அதன் மேல் இயந்திரம் செதுக்கிய பூவேலை. இதைக் கண்டித்து ஜான் ரஸ்கின் எழுதினார். வில்லியம் மாரிஸ் 1861-இல் நண்பர்களுடன் ஒரு நிறுவனமே தொடங்கினார். அவரும் நம்மைப் போல் கடை வைத்தவர்தான். 1877-இல் லண்டன் ஆக்ஸ்போர்டு தெருவில் கடை திறந்தார். மரம் மரமாகத் தெரிய வேண்டும், இணைப்பை மறைக்கக் கூடாது, செய்தவனின் கை தெரிய வேண்டும் என்பது இவர்கள் கொள்கை. ‘ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ்’ இயக்கம் என்று இதற்குப் பெயர். எளியவருக்கும் நல்ல பொருள் என்று ஆரம்பித்தார்கள். கைவேலைக்குக் கூலி கூடுதலானதால் பணக்காரர்தான் வாங்க முடிந்தது. அடக்கவிலை யாரை விட்டது?

இந்த இயக்கத்தில் நம்மவர் ஒருவரும் உண்டு. 1877-இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, தந்தை வழியில் இலங்கைத் தமிழர். இங்கிலாந்தில் அந்தக் கைவினைஞர்கள் நடுவே வாழ்ந்தார். இலங்கைக் கைவினை பற்றிய தம் பெரிய நூலை 1908-இல் மாரிஸ் பயன்படுத்திய அச்சு இயந்திரத்திலேயே அச்சிட்டார். அடுத்த ஆண்டு இந்தியக் கைவினைஞனைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்.

இன்னும் பக்கத்தில் புதுச்சேரிக்கு வருவோம். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியை 1930களின் பிற்பகுதியில் அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர் கட்டத் தொடங்கியபோது, மேற்பார்வைக்கு ஜார்ஜ் நாகஷிமா என்ற இளைஞர் வந்தார். அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியர். அந்த விடுதிக்குத் தேக்கில் சாமான்களையும் வடிவமைத்தார். பின்னாளில் அமெரிக்காவில் பட்டறை வைத்து, உலகம் அறிந்த மரவேலைக்காரராகி 1990-இல் மறைந்தார். கடலூருக்கு அடுத்த ஊரில் தொடங்கிய வேலை அது.

நம் பக்கத்து ஆசாரிகள் இவர்கள் யாரையும் கேள்விப்பட்டதில்லை. திருகாணி விலை அதிகம், கூலி குறைவு. அதனால் மரத்தை மரத்தாலேயே பூட்டினார்கள். கணக்கெழுதச் சாய்பலகை, சில்லறைக்கு டிராயர், அதற்குள் ஒரு கள்ளறை. வேண்டியது மட்டும் இருக்கும், வீண் அலங்காரம் இராது. அங்கே கொள்கையாகப் பேசியது இங்கே பழக்கமாக இருந்தது.

இனி மேசையைப் பார்க்கும் முறை. மேல்பக்கத்தை முதலில் பார்க்காதீர்கள். பாலிஷ் போட்டு எதையும் மறைக்கலாம். டிராயரை முழுதாக வெளியே எடுத்துத் திருப்புங்கள். முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையில் புறாவின் வால் போல விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்திருந்தால் நல்ல வேலை. அந்தப் பற்கள் அச்சில் வார்த்தது போல ஒரே அளவாக இருந்தால் இயந்திரம் வெட்டியிருக்கலாம். ஒன்று சற்று அகலம், ஒன்று குறுகல், பக்கத்தில் ஆசாரி கோடு கிழித்த கீறல் என்று இருந்தால் கைவேலை. அடுத்து, அடிப்பலகையின் கீழே விரல் நுனியால் குறுக்கே தடவுங்கள். கையால் இழைத்த பலகையில் லேசான மேடு பள்ளம் தட்டுப்படும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். காலும் சட்டமும் சேருமிடத்தில் ஒன்றின் நுனியை நாக்குப் போலச் செதுக்கி, மற்றதன் துளையில் இறக்கி, குறுக்கே மர ஆணி அடித்திருப்பார்கள். மரம் காலப்போக்கில் சுருங்குவதால் அந்த ஆணியின் தலை சற்றே துருத்தி நிற்கும். நட்சத்திரக் காடியுள்ள திருகாணி இருந்தால் அது 1930களுக்கு முன்பு பூட்டியதாக இருக்க முடியாது. ஒருவேளை பின்னால் ரிப்பேர் செய்தபோது போட்டிருக்கலாம், அதையும் கேளுங்கள்.

தேக்கு தொட்டால் சற்று எண்ணெய்ப் பசை தெரியும், லேசாகச் சுரண்டினால் தோல் போன்ற வாசனை வரும். வேங்கையும் பூவரசும் மட்டம் என்று எண்ண வேண்டாம்; வேலை நன்றாக இருந்தால் அவற்றுக்கும் விலை உண்டு.

தேய்மானம் பொய் சொல்லாது. கல்லா மேசையில் வலது கை ஊன்றும் ஓரம், டிராயரின் அடிவிளிம்பு, கால் வைக்கும் குறுக்குச் சட்டம் இவைதான் தேயும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் யாரோ சங்கிலியால் அடித்துப் பழையதாக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். மறைவான இடத்தில் ஒரு துளி ஸ்பிரிட் தொட்டுப் பாருங்கள். அரக்கு பாலிஷ் என்றால் பிசுபிசுக்கும், இக்கால பாலிஷ் அசையாது. இன்னொன்று, விற்கும் முன் பளபளப்பாக்குகிறேன் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பாதி விலை அந்தத் தூளோடு போய்விடும்.

சட்டத்தையும் ஒரு வரி தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்குக் குறையாத கைவினைப் பொருளும் தொல்பொருளில் அடங்கும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்யவும் உரிமம் வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகக் கடைகள் இருக்கின்றன. விற்பதென்று முடிவு செய்தவர்கள் அங்கே ஒரு நாள் நடந்து விலை கேட்டுவிட்டு வந்தால், வாசலில் லாரியோடு வருபவரிடம் பேசும் தொனியே மாறிவிடும்.

சென்ற தை மாதம் அப்படி ஒருவர் எங்கள் கடைவீதிக்கு வந்தார். தாத்தா அன்று செய்வித்தது இரண்டு மேசை. மற்றொன்று பெரியப்பா வழியில் அவர் பேரனின் மளிகைக் கடையில் இருக்கிறது. ஆறாயிரம் என்று கேட்டிருக்கிறார். "சித்தப்பா, கால் ஒன்று உளுத்துப்போச்சு, கொடுத்துடலாமா?" என்று தம்பி வந்து நின்றான். கடையடைத்த பிறகு இருவரும் டார்ச் விளக்கோடு டிராயரை உருவிக் கவிழ்த்தோம். பற்கள் ஒழுங்கற்றுக் கோத்திருந்தன. அடியில் சாக்கட்டியால் எழுதிய பிள்ளையார் சுழி அழியாமல் இருந்தது. உப்பு மூட்டை பக்கத்தில் இருந்ததால் ஒரு கால் மட்டும் கீழே நான்கு அங்குலம் இற்றிருந்தது.

இடித்த வீட்டின் தேக்குத் தூண் துண்டு ஒன்றை வாங்கி, ஆசாரியை வைத்துக் கீழ்க்காலை ஒட்டுப் போட்டோம். கூலியோடு 4,500 ரூபாய் ஆயிற்று. உப்பு மூட்டை எதிர்ச் சுவருக்குப் போய்விட்டது. பில் அடிக்கும் மெஷினை இப்போது அந்தச் சாய்பலகைக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறான்.