கோடை விடுமுறையும் விருந்தாளியின் உரிமையும்



பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விட்டதும் காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களிலிருந்து பல குடும்பங்கள் சென்னைப் பட்டணத்திற்குப் புறப்பட்டு வருவது வழக்கம். ஒருவருக்கு ராத்தா வீடு. ஒருவருக்குச் சாச்சா வீடு. இன்னொருவருக்கு மகனைக் கட்டிக்கொடுத்த சம்பந்தி வீடு. ஊரிலே முற்றமும் கூடமும் உள்ள வீட்டில் பழகியவர்கள், பட்டணத்திலே இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும் உள்ள மாடி வீட்டில் வந்து இறங்குகிறார்கள். ஐந்து பேர் இருந்த வீட்டில் பன்னிரண்டு பேர். வெளியிலோ கத்திரி வெயில்.

வருபவர்களை வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. வந்தால் சமாளிக்க முடியுமா என்ற கலக்கமும் தீராது. இந்தக் கலக்கத்தை மறைத்துக்கொண்டு செய்யப்படும் உபசரணை, விருந்தாளிகள் ஊர் திரும்பியபின் முணுமுணுப்பாக மாறுகிறது. முணுமுணுப்பு மனக்கசப்பாகி, சில குடும்பங்களில் போக்குவரத்தே நின்றுவிடுகிறது. உறவைச் சேர்ப்பதற்காக வந்த பயணம் உறவை முறிப்பதில் முடிவது எவ்வளவு பெரிய நஷ்டம்!

இந்த நஷ்டத்திற்குக் காரணம் விருந்தல்ல. சக்திக்கு மீறிய விருந்துதான் காரணம். மார்க்கம் கற்பித்த அளவில் நின்றால், சிறிய வீட்டிலும் பெரிய மனத்தோடு விருந்தோம்ப முடியும். அந்த அளவு எது என்பதை இங்கே பாடமாகப் படிப்போம்.

விருந்தாளியின் உரிமை

அல்லாஹ்வையும் மறுமை நாளையும் நம்பியவர் தம் விருந்தாளியைக் கண்ணியப்படுத்த வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் போதித்துள்ளார்கள். அதே ஹதீஸில் அதன் அளவையும் தெளிவுபடுத்தியுள்ளார்கள். முதல் ஒரு பகலும் ஓர் இரவும் சிறப்பாகக் கவனித்தல். மூன்று நாள்வரை விருந்து. அதற்கு மேற்பட்டது ஸதகா எனும் தர்மம். வீட்டுக்காரரைச் சங்கடத்தில் ஆழ்த்தும் அளவுக்கு விருந்தாளி தங்கியிருப்பது ஆகாது என்பதும் அந்தக் கட்டளையில் சேர்ந்தே வருகிறது. ஆக, வீட்டுக்காரருக்கு ஒரு கடமையும் விருந்தாளிக்கு ஒரு கடமையும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டுள்ளன. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது முறையன்று.

நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் இல்லத்திற்கு முன்பின் தெரியாதவர்கள் வந்தபோது நடந்ததைத் திருமறை 51-ம் அத்தியாயத்தில் காண்கிறோம். அவர்கள் சந்தடியின்றி வீட்டாரிடம் சென்றார்கள்; வீட்டில் இருந்த கொழுத்த கன்றைச் சமைத்துக் கொண்டுவந்தார்கள்; விருந்தினரின் அருகிலேயே வைத்தார்கள். “சாப்பிடுகிறீர்களா, வேண்டாமா?” என்று முன்கூட்டிக் கேட்டு வந்தவரைக் கூச்சப்பட வைக்கவில்லை. தம்மிடம் இல்லாததைத் தேடி வெளியே அலையவுமில்லை. இருந்ததில் நல்லதை முகமலர்ச்சியோடு கொடுத்தார்கள்.

தகல்லுஃப் கூடாது

இல்லாததை வருத்தி வரவழைத்துச் செய்யும் உபசரணைக்கு அரபியில் தகல்லுஃப் என்று பெயர். ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்களைக் காண இருவர் சென்றனர். அவர்கள் ரொட்டியும் உப்பும் வைத்து, விருந்தாளிக்காகச் சிரமப்பட்டுத் தேடுவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திராவிட்டால் இன்னும் தேடியிருப்பேன் என்ற கருத்தைச் சொன்னார்கள். வந்தவரில் ஒருவர், உப்போடு கொஞ்சம் வாசனைத் தழையும் இருந்தால் நன்றாயிருக்குமே என்றார். ஸல்மான் (ரலி) அவர்கள் தமது வுளூப் பாத்திரத்தை அடகு வைத்து அதை வாங்கி வந்து கொடுத்தார்கள். உண்டு முடித்த அவர், கிடைத்ததில் திருப்தியைக் கொடுத்த அல்லாஹ்வைப் புகழ்ந்தார். நீர் கிடைத்ததில் திருப்தி அடைந்திருந்தால் என் பாத்திரம் அடகுக்குப் போயிருக்காதே என்று ஸல்மான் (ரலி) அவர்கள் பதில் கூறியதாக அறிவிக்கப்படுகிறது.

இந்தச் சம்பவத்தை இன்றைய வீடுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விருந்தாளி வருகிறார் என்று வட்டிக்குக் கடன் வாங்குகிறவர் உண்டு. கடன் அட்டையைத் தேய்த்துவிட்டு, தவணை தவறி, மாதக்கணக்கில் வட்டி கட்டுகிறவர் உண்டு. மூன்று வேளையும் பிரியாணியும் கறியும் வைத்தால்தான் கௌரவம் என்று எண்ணுகிறவர் உண்டு. ஸுன்னத்தான ஒரு காரியத்திற்காக ஹராமான வட்டியில் கால் வைப்பது எந்த வகையில் நன்மையாகும்? முதல் நாள் சிறப்பாகச் சமையுங்கள். மறுநாள் முதல் உங்கள் வீட்டில் வழக்கமாக என்ன உண்டோ, அதில் விருந்தாளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மோரும் நன்னாரி சர்பத்தும் வெயில் காலத்தில் எந்தக் கறிக்கும் குறைந்த உபசாரமல்ல.

இல்லத்தரசியின் உரிமை

அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் இடைவிடாது நோன்பிருந்து இரவெல்லாம் தொழுதுவந்தபோது, உம் உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் உம்மைக் காண வருவோருக்கும் உம்மீது உரிமை உண்டு என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுரை பகர்ந்தார்கள். மனைவியின் உரிமையும் விருந்தாளியின் உரிமையும் இதிலே அருகருகே நிற்பதைக் கவனியுங்கள். ஒன்றைக் கொடுப்பதற்காக மற்றொன்றைப் பறிக்கலாகாது.

பெரும்பாலும் நடப்பதென்ன? ஆண்கள் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் அமர்ந்து பேசுகிறார்கள். வீட்டுப் பெண் ஸுப்ஹு முதல் இரவு பத்து மணிவரை அடுப்படியில் வேகிறாள். லுஹரைக் கடைசி நேரத்திற்குத் தள்ளி அவசர அவசரமாகத் தொழுகிறாள். விருந்தின் நன்மையைக் கணவர் தேடிக்கொள்ள, அதன் பாரம் முழுவதையும் மனைவி சுமப்பது நீதியா? நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டு, தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுச் செல்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். எனவே தண்ணீர் பிடிப்பது, கடைக்குப் போவது, ஸுப்ரா விரிப்பது, பாத்திரம் கழுவுவது ஆகியவற்றை ஆண்களும் பிள்ளைகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஊரிலிருந்து வந்த மச்சியும் சாச்சியும், “நாங்கள் விருந்தாளி” என்று அமர்ந்துவிடாமல், வெங்காயம் உரிக்கவாவது கை கொடுக்க வேண்டும்.

சிறிய வீட்டின் ஒழுங்கு

தண்ணீரை முதலில் கவனிக்க வேண்டும். 2019-ம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டுபோய், லாரித் தண்ணீருக்காகச் சென்னை மக்கள் குடத்தோடு காத்து நின்றதை மறக்கலாகாது. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில், அதாவது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவில், வுளூச் செய்தார்கள். குழாயைத் திறந்துவிட்டு வுளூச் செய்யும் பழக்கத்தை விட்டு, ஒரு செம்பில் நீர் எடுத்துச் செய்யும் ஸுன்னத்தைப் பிள்ளைகளுக்குப் பழக்க இதுவே தக்க தருணம்.

அடுத்தது மறைவு. சகோதரியின் கணவர், கணவரின் சகோதரர், சாச்சா மாமா பிள்ளைகள் ஆகியோர் உறவினரே ஆயினும், திருமணம் ஆகுமானவர்கள் என்ற முறையில் அவர்களுக்கு முன் பெண்கள் ஹிஜாபைப் பேண வேண்டும். இடம் போதாது என்பது இதற்கு விலக்காகாது. ஓர் அறையைப் பெண்களுக்கு ஒதுக்கி, கூடத்தை ஆண்களுக்கு விட்டுவிடுவது எளிய வழி. ஸுப்ஹுக்கு முன்பும், ஆடை களைந்து ஓய்வெடுக்கும் நண்பகலிலும், இஷாவுக்குப் பின்பும், பருவமடையாத பிள்ளைகள்கூட அனுமதி கேட்டே அறைக்குள் வர வேண்டும் என்று ஸூரத்துன் நூரின் 58-ம் வசனம் கட்டளையிடுகிறது. பலரும் நெருங்கித் தங்கும் கோடை நாட்களில் இந்த வசனத்தின் அருமை நன்கு விளங்கும்.

முஸாபிரா? முகீமா?

ஊரிலிருந்து வந்தவர்கள் கஸ்ருத் தொழலாமா என்ற வினா வீட்டுக்கு வீடு எழுகிறது. தென்கோடி ஊர்களிலிருந்து சென்னை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், வழியில் அவர்கள் முஸாபிர்கள் என்பதில் சந்தேகமில்லை. வந்து சேர்ந்தபின் எத்தனை நாள் தங்குவதாக நிய்யத் என்பதைப் பொறுத்தே சட்டம் மாறுகிறது.

ஷாஃபிஈ மத்ஹபில், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாட்கள் தங்க நிய்யத் வைத்தவர் முகீம் ஆகிவிடுகிறார். அவர் முழுமையாகத் தொழ வேண்டும். இரு தொழுகைகளை ஜம்உ செய்யும் பயணச் சலுகையும் அவருக்கு இல்லை. ஹனஃபீ மத்ஹபில் பதினைந்து நாட்களோ அதற்கு மேலோ தங்க நிய்யத் வைத்தால்தான் முகீம். அதற்குக் குறைந்தால் லுஹர், அஸர், இஷா ஆகியவற்றை இரண்டு ரக்அத்துகளாகத் தொழுவது அவர்மீது வாஜிபு. ஆனால் அரஃபா, முஸ்தலிஃபா நீங்கலாக, ஒரு தொழுகையின் நேரத்தில் மற்றொன்றைச் சேர்த்துத் தொழுவது அந்த மத்ஹபில் இல்லை.

உதாரணமாக, பத்து நாள் தங்க வந்த இரு குடும்பங்களில் ஷாஃபிஈ குடும்பம் நான்கு ரக்அத்தும் ஹனஃபீ குடும்பம் இரண்டு ரக்அத்தும் தொழும். இதைக் கண்டு ஒருவரையொருவர் குறை கூற வேண்டியதில்லை. உள்ளூர் இமாமைப் பின்பற்றித் தொழுதால், இரு சாராரும் நான்கு ரக்அத்தையே பூர்த்தி செய்ய வேண்டும். முகீமான வீட்டுக்காரருக்கோ, விருந்தாளியோடு ஊர் சுற்றினாலும் கஸ்ரு இல்லை. ஆகவே ஊர் சுற்றும் திட்டம் தொழுகை நேரத்தை அனுசரித்தே அமைய வேண்டும்.

பட்டணத்தைக் காட்டும் முறை

பூமியில் சுற்றிப் பார்த்து, படைப்பின் தொடக்கத்தையும் முன்னோரின் முடிவையும் சிந்திக்கும்படி திருமறை பல இடங்களில் தூண்டுகிறது. அந்த நோக்கத்தோடு பிள்ளைகளை அழைத்துச் செல்வது வீண் பொழுதுபோக்கு ஆகாது.

ஏப்ரல் கடைசி வாரத்தில் சென்னையில் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. மே மாதத்தில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களும் உண்டு. கடுமையான வெப்பத்தில் லுஹரைச் சற்றுத் தணிந்தபின் தொழ நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியுள்ளார்கள். தொழுகைக்கே இந்தச் சலுகை என்றால், வேடிக்கை பார்க்க வயோதிகர்களையும் குழந்தைகளையும் உச்சி வெயிலில் இழுத்துக்கொண்டு போவது தகுமா? காலை பத்தரை மணிக்குள் ஒரு சுற்று. அஸருக்குப் பின் ஒரு சுற்று. நடுப்பகல் லுஹருக்கும் உணவுக்கும் கைலூலா எனும் பகல் தூக்கத்திற்கும் உரியது.

காலைக்கு ஏற்றது வண்டலூர் உயிரியல் பூங்கா. 1855-ல் சென்னையில் தொடங்கப்பட்ட உயிர்க்காட்சிச் சாலையே 1985-ல் அங்கு இடம் பெயர்ந்தது. செவ்வாய்க்கிழமை அதற்கு விடுமுறை. 1851-ல் தோன்றிய எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைப் பார்த்துப் பிள்ளைகள் வியப்பார்கள். அதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறையாதலால் ஜும்ஆவுக்கும் இடையூறு நேராது. கோட்டூர்புரத்தில் 1988-ல் திறக்கப்பட்ட பிர்லா கோளரங்கம், வானத்து அத்தாட்சிகளைக் குளிர்ந்த அரங்கில் அமர்ந்து காண உதவும். 2015 முதல் ஓடும் மெட்ரோ ரயில் வெயிலிலிருந்து காப்பதோடு, ஊர்ப் பிள்ளைகளுக்கு அதுவே ஒரு காட்சியாகவும் அமையும்.

மாலையில் திருவல்லிக்கேணி செல்லுங்கள். ஆற்காட்டு நவாபு வாலாஜா குடும்பத்தார் 1795-ல் கட்டிய பெரிய பள்ளிவாசல், மரமும் இரும்பும் சேர்க்காமல் கருங்கல்லால் எழுப்பப்பட்டது. அங்கே அஸர் தொழுதுவிட்டு, 1768-ல் எழுந்த சேப்பாக்கம் அரண்மனையை வெளியிலிருந்து காட்டியவாறே மெரினாவுக்கு நடக்கலாம். 2012-ல் தீயில் சேதமுற்ற அந்தக் கட்டடம் பின்னர் புதுப்பிக்கப்பட்டது. கடற்காற்று வாங்கலாம், ஆனால் அலையில் இறங்கிக் குளிப்பது உயிருக்கே ஆபத்து. சூரியன் மறைவது ஏறத்தாழ ஆறரை மணிக்கு. அதற்குச் சற்று முன்பே மணலிலிருந்து எழுந்துவிட்டால் மஃரிபு தவறாது. பெண்களுக்குத் தொழ இடம் எல்லாப் பள்ளிவாசலிலும் இருப்பதில்லை. எங்கே உண்டு என்பதை முன்னமே விசாரித்து வைப்பதும், இல்லாவிட்டால் ஒரு தொழுகை விரிப்பை உடன் கொண்டுபோவதும் வீட்டுக்காரரின் பொறுப்பு.

விருந்தாளியின் கடமை

வருமுன் நாளைச் சொல்லுங்கள். புறப்படும் நாளையும் சேர்த்தே சொல்லுங்கள். மூன்று நாளுக்கு மேல் தங்குவதானால் அரிசியோ காய்கறியோ வாங்கிப் போட்டு வீட்டுச் செலவில் பங்கு கொள்ளுங்கள். பயணக் கட்டணத்தையும் நுழைவுச் சீட்டையும் வீட்டுக்காரர் தலையில் கட்டாதீர்கள். இதைச் செய்தார்கள், அதைச் செய்யவில்லை என்று ஊர் போய்ப் பேசாதீர்கள். உணவளித்தவருக்கு துஆச் செய்வது நாயகம் (ஸல்) அவர்களின் வழக்கம். அந்த துஆவைக் கூடத்தில் இருப்பவர் காதில் மட்டுமன்றி, அடுப்படியில் இருப்பவர் காதிலும் விழும்படி ஓதுங்கள்.

விருந்தாளியை வாசல்வரை சென்று வழியனுப்பும்போது வீட்டுக்காரர் மனதார “இன்ஷா அல்லாஹ், அடுத்த ஆண்டும் வாருங்கள்” என்று சொல்லக்கூடுமானால், அந்த விருந்து அளவோடு நடந்தது என்று பொருள்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களில் பரக்கத்தையும் நம் உறவுகளில் நேசத்தையும் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.